சாட்சியில்லாத குருகு

சரணாலயத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு என் பேரு தெரியாது. "உஷ்ஷக்கா"ன்னா எல்லாருக்கும் தெரியும். பார்வைக் குடிலுக்குள்ள யாராவது வாயைத் திறந்தா நான் "உஷ்"ங்கறேனாம். பின்னே? தண்ணிக்கு அந்தப் பக்கம் முட்டை மேல உட்கார்ந்திருக்கிற பறவைக்கு உங்க மருமகளோட கதையெல்லாம் எதுக்கு?

பதினாலு வருஷமா வாசல்ல நிக்கிறேன். வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா உள்ளே விட மாட்டேன். ஆணியில நாலு பழுப்பு அங்கி தொங்குது, மேலே மாட்டிக்கிட்டுப் போகலாம். சென்ட் அடிச்சிருந்தா நேரா குழாயடிதான். செல்போன்ல பறவைக் குரலைப் போட்டு ஏமாத்திக் கூப்பிடுற புத்திசாலிக்கு அன்னிக்கே வாசல். பறவை தெரிஞ்சா கையை நீட்டிக் காட்டக் கூடாது. கடிகார முள்ளு மாதிரி "பத்து மணிப் பக்கம்", "ரெண்டு மணிப் பக்கம்"னு காதுக்குள்ள சொல்லணும். குடில்ல எட்டு இருக்கை. ஒரு குழுவுக்கு நாற்பது நிமிஷம். முடிஞ்சதும் பலகைச் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவேன். அமைச்சரா இருந்தாலும் எழுந்துடணும்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்லல. நான் எவ்வளவு கறாருன்னு உங்களுக்குத் தெரியணும். அந்தக் கறாராலதான் ஆறு வருஷமா எனக்கு அக்கா இல்லாமப் போனா.

குடில் கதவுக்குப் பக்கத்துல ஒரு பதிவேடு கயித்துல கட்டியிருக்கும். என்ன பார்த்தோமோ அதை எழுதிட்டுப் போகணும். அரிய பறவைன்னா ரெண்டு பேரு கையெழுத்து வேணும். ஒரே ஆள் பார்த்ததா எழுதியிருந்தா சிவப்புப் பேனாவால அடிக்க வேண்டியது என் வேலை. ஆறு வருஷம் முன்னாடி ஒரு நாள் காலையில, எட்டு பேரு உட்கார்ந்திருந்த குடில்ல, அக்கா ஒருத்தி மட்டும் எழுதினா: "நாணல்குருகு. ஒன்று. மூலை இருக்கையிலிருந்து."

நாணல்குருகைப் பத்திச் சொல்லணும். நாணல் நிறத்துலயே உடம்பெல்லாம் கோடு கோடா இருக்கும். ஆள் வாடை பட்டுச்சுன்னா அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கும். காத்துல நாணல் ஆடுனா கூடவே அதுவும் ஆடும். பத்தடி தூரத்துல நின்னாலும் தெரியாது. எங்க சரணாலயத்துல அதுவரைக்கும் யாரும் பார்த்ததே இல்லை.

மத்த ஏழு பேரும் "எங்களுக்குத் தெரியலையே"ன்னாங்க. விதிப்படி அடிக்கணும், அடிச்சேன். அதோட நின்னிருக்கலாம். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "நாணலைப் பார்த்துட்டு நாணல்குருகுன்னு எழுதிட்டாங்க, பேருல பாதி சரிதான்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்கேல் வேற வச்சு அடிச்சேன், நேரா இருக்கட்டும்னு.

அக்கா சிரிக்கல. "நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?"ன்னு கேட்டா. நான் விதியைச் சொன்னேன். அவ பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் வரவே இல்லை. நான் போன் பண்ணினா எடுக்கல. மூணு தடவை பார்த்துட்டு, எனக்கும் வீம்பு வந்துடுச்சு.

அவ முப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்துற வேலை பார்த்தவ. ஊரு எழுதுற தப்பையெல்லாம் கண்டுபிடிச்சு அடிக்கிறதுதான் பிழைப்பு. அவ கண்ணு பார்த்ததை நம்ப மாட்டேன்னு சொன்னா அவளுக்கு வேற என்ன மிச்சம் இருக்கு? சின்ன வயசுல என் கட்டுரையையெல்லாம் அவதான் திருத்துவா. ஒரு தடவை நான் சரியா எழுதினதையே தப்புன்னு அடிச்சுட்டா. அகராதியைப் பார்த்துட்டு, அடிச்ச சொல்லுக்குக் கீழே வரிசையா புள்ளி வச்சா. "இது எங்க தொழில் குறிடி. அடிச்சதுதான் தப்பு, எழுதினது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்"னா. அந்தத் தாளை ரொம்ப நாள் வச்சிருந்தேன்.

எங்க வீட்டுல ஒரே ஒரு பைனாகுலர்தான் இருந்துச்சு. பத்து எண்ணுற வரைக்கும் அவளுக்கு, பத்து எண்ணுற வரைக்கும் எனக்கு. அவ முறை வந்தா நான் கடகடன்னு எண்ணுவேன். என் முறை வந்தா அவ மெதுவா எண்ணுவா. ஒண்ணு... ரெண்டு... நடுவுல மூச்சு விட்டுக்கிட்டு. அது எனக்குப் புரிஞ்சதே ரொம்ப காலம் கழிச்சுத்தான்.

இப்போ யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். அவ போய் ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு மத்தியானம், குடிலைப் பெருக்கிட்டு மூலை இருக்கையில சும்மா உட்கார்ந்தேன். ஜன்னல் பலகைக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு சந்து. அது வழியா மட்டும் நாணல்ல ஒரு விரிசல் தெரியும். பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தாக்கூடத் தெரியாது. அந்த விரிசல்ல அலகைத் தூக்கிக்கிட்டு நின்னுது, நாணல்குருகு. ஐயா சாமி, அதேதான். நான் பதிவேட்டுல எழுதல. எழுதினா அவ சொன்னது உண்மைன்னு ஆயிடும். நான் எல்லாரையும் சிரிக்க வச்சது தப்புன்னு ஆயிடும். போனை எடுத்து அவ நம்பரைப் போட்டேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வச்சுட்டேன். இப்படியே நாலு வருஷம் ஓடிப்போச்சு.

இந்த ஆறு வருஷமும், புதுசா எந்தப் பறவை வந்தாலும் முதல்ல நினைப்பு வர்றது அவதான். "அக்கா, இதைக் கேளேன்"னு மனசுக்குள்ளயே சொல்லிப்பேன். எனக்கு வேற எதுவும் வேணாம். என் அக்கா வேணும். அவ்வளவுதான்.

போன வாரம் வியாழக்கிழமைக்கான முன்பதிவுப் பட்டியல் வந்துச்சு. மூணாவது குழு, நாலாவது வரியில அவ பேரு. பக்கத்துல குறிப்பு: மூலை இருக்கை வேண்டும்.

வியாழக்கிழமை காலையில வாடகைக் கார்ல வந்து இறங்கினா. மங்கின பச்சையில உடை, துணிச் செருப்பு. விதியை எழுதினவங்களே அவளைப் பார்த்துக் கத்துக்கலாம். தலை நல்லா நரைச்சிருந்துச்சு. என் முன்னாடி வந்து நின்னா. என் மூஞ்சியைப் பார்க்கல. என் தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கிட்டு, "மூணாவது குழு"ன்னா.

பார்க்கக்கூடப் பிடிக்கலையான்னு எனக்கு உள்ளே எரிஞ்சுது. அந்த எரிச்சல்ல, முன்ன பின்ன தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி விதியையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். போனை அணைங்க. கை நீட்டாதீங்க. பேசாதீங்க. நானே அவகிட்ட "பேசாதீங்க"ன்னு சொல்றேன், பாருங்க என் லட்சணத்தை. அவ தலையை ஆட்டினா. "விதியெல்லாம் தெரியும். ஏற்கெனவே வந்திருக்கேன்"னா.

வாசலை டிக்கெட் கொடுக்கிறவர்கிட்ட விட்டுட்டு நான் குடிலுக்குக் கூடவே போனேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆள் உள்ளே இருக்கணும்கிறதும் விதிதான். மரப்பாதையில அவ கைப்பிடிக் கயித்தை விடாமப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. ஓட்டமும் நடையுமாப் போறவளாச்சே, என்ன இப்படின்னு நினைச்சேன். கேட்கல.

உள்ளே போனா மூலை இருக்கையில பீரங்கி உட்கார்ந்திருக்காரு. அவரு ஒரு போட்டோக்காரரு; லென்ஸ் அந்த அளவுக்கு இருக்கும், அதனால நாங்க வச்ச பேரு. மத்தவங்களுக்கு முன்னாடி ஓடிவந்து இடம் பிடிச்சுட்டாரு. லென்ஸ் ஜன்னல் விளிம்பைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் குனிஞ்சு காதுக்குள்ள சொன்னேன்: "லென்ஸ் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினா பின் பெஞ்சு."

"ஒரு விரல்தான்மா தாண்டியிருக்கு."

"உங்க விரல் அவ்வளவு நீளமா? பின் பெஞ்சு."

அவரு முகத்துல ஈயாடல. முணுமுணுத்துக்கிட்டே எழுந்தாரு. அக்கா மெதுவா, "எனக்காக யாரையும் எழுப்ப வேணாம்"னா.

"விதிப்படிதான் எழுப்பினேன்"னேன். ஆறு வருஷம் கழிச்சு அவகிட்ட நான் பேசின முதல் சொந்தப் பேச்சு இதுதான். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அவ மூலையில உட்கார்ந்தா. நான் அவளை ஒட்டி அதே இருக்கையில நெருக்கிக்கிட்டேன், அங்கேயிருந்தாதானே விரிசல் தெரியும். அவ பைனாகுலரை எடுக்கல. கழுத்துல அது இல்லவே இல்லை. ஜன்னல் விளிம்பைக் கையால தடவிப் பார்த்தா, தூணைத் தடவினா, அப்புறம் அந்தச் சந்துப் பக்கம் பார்க்காம சுவத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தா. எனக்குப் பொறுக்கல. "அக்கா, விரிசல் அந்தப் பக்கம்"னேன்.

"தெரியும்டி. நான்தானே முதல்ல பார்த்தேன்." அப்புறம் என் காதுக்குக்கிட்ட வந்தா. "கண்ணு போயிட்டிருக்கு. நேரா பார்த்தா நடுவுல புகை மாதிரி ஒண்ணு மறைக்குது. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியுது. ஒன்பது மாசமா இப்படி. மருந்து இல்லைன்னுட்டாரு டாக்டர். ஓரமும் போறதுக்குள்ள ஒரு தடவை வந்து பார்க்கலாம்னு தோணுச்சு."

நான் அவ மூஞ்சியையே பார்த்தேன். அவ சுவத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "உன் மூஞ்சியைப் பார்க்கணும்னாலும் இப்படித்தான். வேற எங்கேயாவது பார்க்கணும்."

வாசல்ல அவ என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாளே, அப்போ அவ என்னைத்தான் பார்த்திருக்கா. குடில்ல அழக் கூடாதுன்னு விதி இல்லை. ஆனா மூக்கை உறிஞ்சினா சத்தம் வரும். முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். விரிசல்ல ஒண்ணும் இல்லை. ஒரு தவளை குதிச்சுது. நாமக்கோழி ஒண்ணு குஞ்சுகளோட குறுக்கே போச்சு. நான் ஒவ்வொண்ணையும் அவ காதுல சொன்னேன், "பதினொரு மணிப் பக்கம், நாமக்கோழி, குஞ்சு நாலு"ன்னு. அவ தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சு ஓரக்கண்ணால தேடினா. முப்பதாச்சு. எப்பவும் கேட்காத கடவுள்கிட்டயெல்லாம் கேட்டேன். வா, ஒரே ஒரு தடவை வந்து நில்லு, அவ கண்ணுல படுற மாதிரி அசைஞ்சு காட்டு.

நாற்பது முடிஞ்சுது. நான்தான் தட்டணும். தட்டினேன். மத்தவங்க எழுந்து, எழுதிட்டு, போனாங்க. பீரங்கி என்னை ஒரு முறை முறைச்சுட்டுப் போனாரு. வெளியே அடுத்த குழு செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு நிக்குது. அக்காவும் எழுந்தா.

"உட்காரு"ன்னேன்.

"நேரமாச்சே."

"இன்னும் பத்து எண்ணல."

அவ திரும்பினா. அப்படியே உட்கார்ந்துட்டா. நான் எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு... ரெண்டு... பதினாலு வருஷத்துல ஒரு நிமிஷம் யாருக்கும் கூடக் கொடுத்ததில்லை. மூச்சு விட்டு, எச்சில் முழுங்கி, எவ்வளவு மெதுவா எண்ண முடியுமோ அவ்வளவு மெதுவா எண்ணினேன். எட்டு சொல்லும்போது விரிசல்ல இருந்த ஒரு நாணலுக்குக் கண்ணு முளைச்சுது.

மஞ்சள் கண்ணு. மேலே தூக்கின அலகு. கழுத்துல கோடு.

"அக்கா. பன்னெண்டு மணி. நேரா. நிக்குது."

அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. தலையை இந்தப் பக்கம் சாய்ச்சா, அந்தப் பக்கம் சாய்ச்சா, பலகையில நெத்தியை வச்சுப் பார்த்தா. அது அசையவே இல்லை; அதோட குணமே அதுதானே. "சொல்லு, சொல்லு"ன்னா. அலகு எங்கே, கழுத்து எங்கே, காத்து அடிச்சா எப்படி ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசியில அது ஒரு அடி எடுத்து வச்சு நாணலுக்குள்ள போயிடுச்சு.

"ஏதோ ஒண்ணு அசைஞ்சுது"ன்னா அக்கா. "ஆனா குருகுன்னு சொல்ல எனக்குக் கண்ணு பத்தாது. நீ நல்லாப் பார்த்தியா?"

அப்போ சொல்லாம எப்போ சொல்றது? "பார்த்தேன். இதே இடத்துல நாலு வருஷம் முன்னாடியும் பார்த்தேன். எழுதல. நீ சொன்னது சரின்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவ கையை எடுத்துட்டா. வெளியே யாரோ இருமினாங்க. "நாலு வருஷமா?"ன்னா. குரலே மாறிப்போச்சு. "அதுல மூணு வருஷத்துக்கு மேல எனக்கு நல்லாக் கண்ணு இருந்துச்சேடி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே. வாரா வாரம் வந்து உட்கார்ந்திருப்பேனே."

தப்புன்னு சொன்னேன். வீம்புன்னு சொன்னேன். பயந்துட்டேன்னு சொன்னேன். எதைச் சொன்னாலும் அந்த நாலு வருஷம் திரும்ப வராது. அவ அழுதா. நானும் அழுதேன். உஷ்ஷக்கா குடிலுக்குள்ள சத்தமா மூக்கைச் சிந்தினா, வெளியில நின்னவங்க என்ன நினைச்சாங்களோ.

கதவுக்கிட்ட வந்து பதிவேட்டை எடுத்தேன். தேதி, மணி, நாணல்குருகு ஒன்று, மூலை இருக்கை. கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது கட்டம் காலி.

"என்ன, ஒரே ஆள்தானா?"ன்னா அக்கா. "சாட்சி இல்லையே. அடிச்சுடுவாங்களே."

"அடிக்கட்டும்."

"பேனாவைக் கொடு. வரி எங்கே இருக்குன்னு காட்டு."

அவ விரலை எடுத்து அந்தக் கட்டத்துல வச்சேன். சுவத்தைப் பார்த்துக்கிட்டே எழுதினா. எழுத்து கொஞ்சம் மேலயும் கீழயுமாப் போச்சு. நான் குனிஞ்சு படிச்சேன். "நான் பார்க்கவில்லை. என் தங்கை பார்த்ததாகச் சொன்னாள். நம்புகிறேன்." கீழே கையெழுத்து.

ஆறு வருஷம் முன்னாடி நான் அவளுக்கு எழுதியிருக்க வேண்டிய வரி அது. அதை அவ எனக்கு எழுதிட்டா.

வாசலுக்கு வந்ததும் காரு தயாரா நின்னுது. "ஒரே நிமிஷம்"னு சொல்லிட்டு, அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஸ்கேல் வச்ச சிவப்புக் கோடு இன்னும் நேராவே இருந்துச்சு. பேனாவை எடுத்து, கோட்டுக்குக் கீழே அவளோட குறியை வச்சேன். ஒவ்வொரு புள்ளியையும் தாளே கிழியற அளவுக்கு அழுத்தி அழுத்தி வச்சேன்.

"என்னடி பண்றே? காரு நிக்குது."

"கையைக் கொடு."

பக்கத்தைத் திருப்பி, தாளோட பின்பக்கத்துல அவ விரலை வச்சேன். அழுத்தின புள்ளியெல்லாம் அங்கே மேடு மேடா நின்னுது. முதல்ல அவளுக்குப் புரியல. விரல் ரெண்டு மேட்டைத் தாண்டினதும் நின்னுட்டா. அப்புறம் முதல் புள்ளிக்குத் திரும்பி வந்து எண்ண ஆரம்பிச்சா. ஒண்ணு... ரெண்டு... நடுவுல மூச்சு விட்டுக்கிட்டு.

டிரைவர் ஹார்ன் அடிச்சாரு. நான் "உஷ்"னேன். சரணாலய வாசல்ல ஹார்ன் அடிக்கக் கூடாது.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு"ன்னா அக்கா. மறுபடியும் ஒண்ணுலயிருந்து ஆரம்பிச்சா.